பழைய ஸ்கூட்டரின் அதிர்வு எதைத் தொடர்ந்து வருகிறது?

திருச்சியில் வேலைக்குப் போய்வரும் என் தங்கைக்காக, 2017-ஆம் ஆண்டு மாடல் 110 சிசி ஸ்கூட்டர் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினோம். கார்புரேட்டர் வைத்த வண்டி. முன்னும் பின்னும் டிரம் பிரேக், பத்து அங்குலச் சக்கரங்கள். பெயிண்ட் மங்கவில்லை, என்ஜின் முதல் உதையிலேயே கிளம்பியது, சைலன்சரில் புகை இல்லை. ஆனால் சாலையில் இறக்கியபோது வண்டி அதிர்ந்தது. "அண்ணா, கிளம்பும்போது உதறுது, போகும்போது ஹேண்டில் ஆடுது, சிக்னல்ல நிக்கும்போது கால்ல குறுகுறுங்குது" என்றாள் தங்கை. வண்டியைக் காட்டிய பட்டறைகளில் ஒன்றில் பெல்ட், ரோலர் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றார்கள். இன்னொன்றில் என்ஜினை இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். இரண்டு இடத்திலும் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க யாரும் முன்வரவில்லை.

தங்கை சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் மூன்று என்பது தெளிவாக இருந்தது. கிளம்பும்போது மட்டும் வருவது ஒன்று, ஓடும்போது வருவது இன்னொன்று, நிற்கும்போது வருவது வேறொன்று. இவற்றை ஒன்றாகச் சேர்த்து "வண்டி வைப்ரேஷன் அடிக்குது" என்று பட்டறையில் சொன்னால், எதிரில் இருப்பவர் தமக்குப் பழக்கமான ஏதோவொரு பாகத்தை மாற்றுவார். மூன்றில் ஒன்று குறையலாம், ஒன்றுமே குறையாமலும் போகலாம். ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பதைவிட, இந்த அதிர்வு எதைத் தொடர்ந்து கூடிக் குறைகிறது என்பதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். என்ஜினின் சுழற்சியைத் தொடர்கிறதா, சக்கரத்தின் வேகத்தைத் தொடர்கிறதா, கிளட்ச் பிடிக்கும் நேரத்தோடு நின்றுவிடுகிறதா, பிரேக் பிடித்தால் மட்டும் வருகிறதா என்று பிரித்துவிட்டால், தேட வேண்டிய இடம் தானாகவே சுருங்கிவிடும்.

இதற்கு ஸ்கூட்டரின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. மோட்டார் சைக்கிளில் என்ஜின் சேஸில் உட்கார்ந்திருக்கும். பின் சக்கரம் தனியே ஸ்விங் ஆர்ம் என்ற கையில் ஆடும். இவ்வகை ஸ்கூட்டர்களில் என்ஜின், பெல்ட் பெட்டி, கியர் பெட்டி, பின் சக்கரம் நான்கும் ஒரே கட்டாக இணைந்து, முன்னால் ஒரு இணைப்புத் துண்டாலும் பின்னால் ஷாக் அப்சார்பராலும் சேஸோடு பிணைக்கப்பட்டு, மொத்தமாக மேலும் கீழும் ஆடுகின்றன. ஒற்றை சிலிண்டர் என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதால் எழும் அதிர்வை, அந்தப் போக்கைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கில் உள்ள எதிர் எடை ஓரளவு குறைக்குமே தவிர முழுதாக அழிக்காது. மிச்சத்தை விழுங்குவதற்காகத்தான் அந்த இணைப்புத் துண்டில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. ரப்பர் இறுகியோ கிழிந்தோ போனால், என்ஜினில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே அதன் இயல்பான அதிர்வு புட்போர்டுக்கும் சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் ஏறிவிடும். "என்ஜினை இறக்க வேண்டும்" என்ற ஆலோசனையை நான் உடனே ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. 90/100-10 அளவுள்ள டயரின் வெளி விட்டம் ஏறத்தாழ 434 மில்லிமீட்டர், சுற்றளவு 1.36 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு எட்டு தடவை சுற்றும், 60 கிலோமீட்டரில் பன்னிரண்டு தடவை. இதே என்ஜினோ ஐடிலில் நிற்கும்போதே 1,700 ஆர்பிஎம் அளவில், அதாவது நொடிக்கு இருபத்தெட்டு தடவை சுற்றுகிறது. 5,000 ஆர்பிஎம்மில் எண்பதைத் தாண்டுகிறது. எனவே சக்கரத்திலிருந்து வருவது ஆட்டமாக, கிட்டத்தட்ட எண்ணிவிடக்கூடிய தட்டலாகக் கையில் தெரியும். என்ஜினிலிருந்து வருவது விரல்களை மரத்துப்போகச் செய்யும் ரீங்காரமாகத் தெரியும். இந்த வேறுபாட்டை ஒருமுறை கை உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

மீதிப் பாதிக்குக் கியர் இல்லாத வண்டியே ஒரு வசதி தருகிறது. கியர் வண்டியில் ஒரே கியரில் போகும்வரை என்ஜின் சுழற்சியும் சக்கர வேகமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டரில் அப்படியில்லை. சமதளத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாகப் பிடித்து 40-இல் போகும்போது என்ஜின் குறைவாகச் சுற்றும். அதே 40-இல் மேம்பாலம் ஏறும்போது, சுமை கூடுவதால், பெல்ட் ஓடும் இரண்டு புல்லிகளில் பின்பக்கத்தது பெல்ட்டைத் தன் வெளிவிளிம்புக்குத் தள்ளி, என்ஜினை அதிகமாகச் சுற்ற வைக்கும். ஸ்பீடோமீட்டர் முள் நகரவில்லை, என்ஜின் சத்தம் மட்டும் உயர்கிறது. இந்த மாற்றத்தின்போது அதிர்வும் சேர்ந்து மாறினால் அது என்ஜின் அல்லது பெல்ட் பக்கத்தைச் சேர்ந்தது. அப்படியே இருந்தால் சக்கரத்தைச் சேர்ந்தது. எந்தக் கருவியும் தேவைப்படாத இந்தச் சோதனையை அதிகாலையில், போக்குவரத்து இல்லாத சாலையில், இரண்டு கைகளையும் ஹேண்டிலிலேயே வைத்துச் செய்ய வேண்டும். ஹேண்டில் ஆடுகிறதா என்று பார்ப்பதற்காகச் சிலர் கைகளை விடுவார்கள். சின்னச் சக்கர வண்டியில் அது மிகவும் ஆபத்தானது. ஆட்டம் ஒருமுறை பெருகிவிட்டால் திரும்பப் பிடிப்பதற்குள் வண்டி படுத்துவிடும்.

சோதனைக்கு முன் டயர் காற்றைச் சரிசெய்தாக வேண்டும். எங்கள் வண்டியின் கையேடு முன்னால் 22, பின்னால் தனியாளுக்கு 29 பிஎஸ்ஐ என்கிறது. வண்டியிலோ இரண்டிலும் 40-ஐ நெருங்கி அடைத்து வைத்திருந்தார்கள். இவ்வளவு இறுக்கமான டயர் சாலையின் ஒவ்வொரு பொடிக்கல்லையும் அப்படியே மேலே அனுப்பும். காற்றைக் குறைத்ததுமே பொதுவான கடகடப்பு அடங்கி, உண்மையான மூன்று கோளாறுகள் மட்டும் தனியே தெரிந்தன.

ஓட்டிப் பார்த்ததில் ஹேண்டில் ஆட்டம் 35-இல் தொடங்கி 45-இல் உச்சமாகி, 55-க்கு மேல் மங்கியது. மேம்பாலத்தில் ஏறினாலும் இறங்கினாலும் அதே வேகத்தில் அதே ஆட்டம். பிரேக்கைத் தொட்டாலும் மாற்றமில்லை; டிரம் வட்டம் கெட்டிருந்தால் பிரேக் பிடிக்கும்போதுதான் லீவரில் துடிப்பு வரும். ஆகவே சந்தேகம் சக்கரங்கள்மீது விழுந்தது. அதிலும் பின் சக்கரத்தின் ஆட்டம் பெரும்பாலும் சீட்டிலும் இடுப்பிலும் தெரியும், முன் சக்கரத்தினுடையது கையில் தெரியும் என்பதால் முன் சக்கரத்திலிருந்து தொடங்கினேன்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தில் ஒருவர் அழுத்திக்கொண்டால் முன் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். சக்கரத்தை மேலும் கீழும் இரு கைகளால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தபோது, வீல் பேரிங்கிலும், முன் சக்கரத்தைத் தாங்கும் பாட்டம் லிங்க் புஷ்களிலும் தளர்வு இல்லை. ஹேண்டிலை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பினால், கோன் செட் (ஹேண்டில் தண்டு திரும்பும் பேரிங்) தேய்ந்த வண்டியில் நேர்நிலையில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது போன்ற தடை விரலில் தெரியும். பல ஆண்டுகளாகச் சாலைக்குழிகளில் அடி வாங்கிய பந்துகள் பதித்த குழிகள் அவை. இந்த வண்டியில் அதுவும் இல்லை. பிறகு ஒரு பென்சிலை ரிம்மின் விளிம்பை ஒட்டி அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினேன். ரிம்முக்கும் பென்சில் முனைக்கும் உள்ள இடைவெளி இரண்டு மில்லிமீட்டருக்குமேல் மாறினால் ரிம் கோணல் என்று பல சர்வீஸ் கையேடுகள் சொல்கின்றன. இங்கே அதில் பாதிகூட மாறவில்லை.

அடுத்ததாகப் பென்சிலை டயரின் நடுவரிக்கு நேரே கொண்டுபோனபோது விஷயம் தெரிந்தது. ஒரு சுற்றில் ஓரிடத்தில் ரப்பர் பென்சிலை உரசியது. அதற்கு எதிர்ப்புறத்தில் நன்றாக விலகியது. ரிம் வட்டமாக இருக்கிறது, டயர் வட்டமாக இல்லை. டயரின் பக்கச் சுவரில், ரிம் விளிம்பை ஒட்டி, மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே தயாரிப்பாளர்கள் வார்த்த கோடு அது. சாதாரணமாக அது ரிம்மிலிருந்து ஒரே அளவு தூரத்தில் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். இங்கே வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்கு அந்தக் கோடு ரிம்முக்குள் மறைந்தே போயிருந்தது. டயரின் நான்கு இலக்கத் தேதி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அதன்படி அது கிட்டத்தட்டப் புது டயர். விற்பதற்கு முன்னால் மாற்றியவர்கள் அவசரத்தில் மாட்டியிருக்கிறார்கள். புது டயர் போட்ட வண்டி என்று கேட்கும்போது மனதுக்குத் திருப்தியாக இருக்கும்; ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் திருப்திப்பட வேண்டும்.

பஞ்சர் கடையில் காற்றை முழுவதும் இறக்கி, டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து விடுவித்து, சுற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி, மீண்டும் காற்றேற்றினார்கள். "டப்" என்ற சத்தத்தோடு மறைந்திருந்த கோடு வெளியே வந்தது. அன்று மாலையே 45-இல் ஹேண்டில் அமைதியாக நின்றது. பணச் செலவில் மிகச் சிறியதும், ஓட்டுபவரின் பாதுகாப்பில் மிகப் பெரியதும் இந்தக் கோளாறுதான்.

கிளம்பும்போது வந்த உதறல் வேறு வகை. நின்ற நிலையிலிருந்து ஆக்ஸிலேட்டரைத் திருப்பியதும் வண்டி முன்னும் பின்னும் இழுபட்டு, 15 அல்லது 20 வேகத்தைத் தொட்டவுடன் ஒன்றுமே நடக்காததுபோல் சீராகிவிடும். இப்படி இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், கிளட்ச்தான். என்ஜின் சுழற்சி கூடும்போது கிளட்ச் ஷூக்கள் மையவிலக்கு விசையால் விரிந்து, சுற்றியுள்ள 'பெல்' என்ற கிண்ணத்தின் உட்சுவரைப் பிடிக்கின்றன. ஷூவின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்துப் போனாலோ, இடையில் தூசி படிந்தாலோ, பிடிப்பதும் வழுக்குவதும் மாறிமாறி நடந்து வண்டி உதறும். வண்டி அந்த வேகத்தைத் தொட்டதும் ஷூவும் பெல்லும் ஒன்றாகச் சுற்றுவதால் உதறல் மறைந்துவிடுகிறது.

இதற்கு இடப்பக்க கவரைக் கழற்ற வேண்டும். கிளட்ச் நட்டைத் தளர்த்த, பெல்லை அசையாமல் பிடிக்கும் கருவி வேண்டும் என்பதால் பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். "சார், மூணும் பளபளன்னு ஆயிடுச்சு, ஆனா கனம் இருக்கு" என்று ஷூக்களைத் திருப்பிக் காட்டினார். பெல்லின் உட்சுவரில் ஆழமான கோடுகளோ, அதிகச் சூட்டால் வரும் நீலம் பாய்ந்த திட்டுகளோ இல்லை. பின்புற ஆயில் சீலிலிருந்து கியர் ஆயில் கசிந்து ஷூவில் படிந்திருந்தால், தேய்த்துச் சுத்தம் செய்வது பலன் தராது. சீலையும் ஷூவையும் மாற்ற வேண்டும். இங்கே கசிவில்லை. ஷூக்களை உப்புத்தாளால் ஒரே சீராகத் தேய்த்து, பெல்லின் உட்புறத்தையும் அப்படியே தேய்த்துத் துடைத்து மாட்டினார். ஒரு வேண்டுகோளை மட்டும் நான் அழுத்திச் சொன்னேன்: கவருக்குள் இருக்கும் கறுப்புத் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். ஷூவும் பெல்ட்டும் தேய்ந்த அந்தத் தூசி நாள்தோறும் மெக்கானிக்குகளின் நுரையீரலுக்குள்தான் போகிறது.

கவர் திறந்திருக்கும்போதே பெல்ட்டையும் ரோலர்களையும் பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். பெல்ட்டைப் பற்கள் வெளிப்பக்கம் வரும்படி எதிர்த்திசையில் மடக்கினால், வெடிப்புகள் இருந்தால் பற்களுக்கு இடையே விரியும். முன்பக்கப் புல்லிக்குள் இருக்கும் உருளை எடைகளான ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் வேகம் எடுக்கும்போது சீரற்ற இழுவை தெரியும். எங்கள் வண்டியில் பெல்ட் நன்றாக இருந்தது, ரோலர்களும் வட்டமாகவே இருந்தன. முதல் பட்டறையின் ஆலோசனைப்படி மாற்றியிருந்தால், கழற்றி மாட்டும்போது நடக்கும் துடைப்பினால் உதறல் கொஞ்ச நாள் குறைந்திருக்கும். பெல்ட்தான் காரணம் என்று நாமும் நம்பியிருப்போம்.

சிக்னலில் வந்த குறுகுறுப்புக்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருந்தன. ஐடில் மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கையில் பலர் ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்துவிடுகிறார்கள், அதனால் என்ஜின் ஒவ்வொரு வெடிப்புக்கும் குலுங்குகிறது. ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றியதும் குலுக்கல் பாதியாகக் குறைந்தது. அளவுக்குமேல் ஏற்றினால் நிற்கும்போதே கிளட்ச் லேசாகப் பிடிக்கும் என்பதால், என்ஜின் சூடான பிறகு, சிறிதுசிறிதாகத் திருப்ப வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து வந்த பிஎஸ்-6 (புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெட்ரோலை அளந்து கொடுப்பது எலக்ட்ரானிக் முறை என்பதால் அவற்றுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது.

மீதமிருந்த குறுகுறுப்பு எதிர்பார்த்தபடி ரப்பர் புஷ்ஷில் இருந்தது. என்ஜின் ஓடும்போதே பேனல்களையும் சைலன்சர் தகட்டையும் ஒவ்வொன்றாகத் துணி வைத்து அழுத்திப் பார்த்தோம். எதை அழுத்தியும் நிற்கவில்லை. பிறகு என்ஜினை அணைத்துவிட்டு, பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தபோது சக்கரம் மட்டும் ஆடாமல் என்ஜின் கட்டு முழுவதும் நகர்ந்து, முன்னால் "டொக்" என்று இடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், புஷ்ஷின் நடுவில் இருக்க வேண்டிய இரும்புக் குழல் ஒரு பக்கமாகச் சரிந்து, ரப்பர் பிறை வடிவில் கிழிந்திருந்தது. பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றினால் இணைப்புத் துண்டு விரிசல் விடலாம். லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளுவதே முறை. புதியதைப் பொருத்திய பின், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்க வேண்டும். ஸ்டாண்டில் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே வேலை செய்து, விரைவில் மீண்டும் கிழியும். இதை எழுதுவதற்குக் காரணம், நல்ல பட்டறைகளிலும் இந்தக் கடைசி இறுக்கத்தை ஸ்டாண்டிலேயே முடித்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பின் சக்கரத்தை ஸ்டாண்டில் ஓட விட்டுச் சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முன் சக்கரம் சுவரில் முட்டி நிற்கட்டும்; பின்பக்கம் யாரும் நிற்கக்கூடாது; புடவை, துப்பட்டா, தொங்கும் கயிறு எதுவும் அருகில் வரக்கூடாது. சுமையில்லாமல் சுழலும் சக்கரத்தை நீண்ட நேரம் அதிக வேகத்தில் ஓட்டவும் கூடாது.

சில அதிர்வுகளை இப்படி வீட்டிலிருந்து தீர்க்க முடியாது. ஆக்ஸிலேட்டரைத் திருப்பத் திருப்ப உள்ளிருந்து கனமான தட்டல் சத்தத்தோடு ரீங்காரம் கூடினால், கிராங்க் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஆயில் குறைந்த நிலையில் நீண்ட நாள் ஓடிய பழைய வண்டிகளில் இது வரும். நேரான சாலையில் வண்டி எப்போதும் ஒரே பக்கம் இழுத்து, பின்னாலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் இல்லை என்று தெரிந்தால், விபத்தில் சேஸ் வளைந்திருக்கலாம். இவை இரண்டும் வாங்கும் முன்பே தெரிந்தால் விலை பேசுவதில் பொருளில்லை, வண்டியையே விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. மற்ற எல்லாமே பேரம் பேசக்கூடிய கோளாறுகள்.

இப்போது எங்கள் வண்டியில் 60-ஐ நெருங்கும்போது ஹேண்டிலில் மெல்லிய ரீங்காரம் மட்டும் இருக்கிறது. மேம்பாலச் சோதனையில் அது என்ஜினைத் தொடர்ந்தே மாறுகிறது. இதே வகையைச் சேர்ந்த, அதிகம் ஓடாத பக்கத்து வீட்டு வண்டியிலும் அதே அளவில் இருப்பதை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அதைத் தொடப் போவதில்லை. பின் சக்கரப் பக்கத்திலிருந்து வேகத்தோடு கூடும் லேசான உறுமல் ஒன்றும் கேட்கிறது. அடுத்த முறை கியர் ஆயிலை இறக்கும்போது அதில் இரும்புத் துகள் மின்னுகிறதா என்று பார்த்துவிட்டு, கியர் பெட்டியின் பேரிங்கை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.